விலையில்லாப் பொருளின் விலை

கொடை பெறுவது எளிது. பெற்ற கொடையைத் தனதாக்கிக்கொள்வது அரிது. தந்தையிடமிருந்து நிலத்தை மரபுரிமையாகப் பெற்ற மகன், அதன் மண்வளமும் நீர்வளமும் அறிந்து உழுது பயிரிடும் வரையில், அந்நிலம் பத்திரத்தில்தான் அவனுடையது, வாழ்க்கையில் அன்று. உழைப்பால் அறியப்படாத உடைமை, பூட்டிய பெட்டியைப் போன்றது. பெட்டி நம் வீட்டில் இருக்கிறது என்பதற்காக அதனுள் இருப்பது நம்முடையதாகிவிடுவதில்லை. நிலத்துக்கும் நூலுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இன்று நம் பிள்ளைகளின் மடியில் இருக்கும் கணினிக்கும் பொருந்துகிறது. அதில் நம் மனச்சான்றைத் தொடும் கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளில், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. சேலம், நாமக்கல் சமவெளியில் எத்தனையோ இல்லங்களுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. இளம்பிள்ளையின் தறி வீடுகளிலும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டு வீடுகளிலும், நாமக்கல் லாரிப் பட்டறைத் தொழிலாளரின் வீடுகளிலும், தாத்தாவும் பாட்டியும் சுற்றி நின்று பார்க்க, பிள்ளைகள் அதனைத் திறந்தார்கள்.

அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளையே இயங்குதளம் என்கிறோம். ஒன்று, விண்டோஸ் 7இன் மிக எளிய பதிப்பு. திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவதற்குக்கூட அது இடந்தரவில்லை. மற்றொன்று பாஸ் என்னும் இந்திய லினக்ஸ். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் உலகளாவிய தன்னார்வப் படைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்டது அது. அதில் தமிழில் எழுதலாம். எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம். பிறருக்குப் படியெடுத்துத் தரலாம். உள்ளே திறந்து பார்த்து மாற்றியும் அமைக்கலாம். இவை யாவும் சட்டம் தந்த உரிமைகள்.

நடந்தது என்ன? பலர் அதனை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. திறந்தவர்களிலும் சிலர், ஏதோ ஒன்று ஓடவில்லை என்று கண்டதும், பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்குக் கணினியை எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் இரண்டையும் அழித்துவிட்டு, உரிமம் இல்லாத முழு விண்டோஸை ஏற்றித் தந்தார். அதற்குக் கூலியும் பெற்றார். வீட்டில் யாரும் அதைக் குற்றமாக எண்ணவில்லை.

காசு கொடுத்து உரிமம் பெற்று விண்டோஸைப் பயன்படுத்துவோரிடம் எந்தத் தவறும் இல்லை. அது நேர்மையான வணிகம். ஆனால் உரிமையோடு கிடைத்ததை அழித்துவிட்டு, உரிமையின்றி ஒன்றைக் களவாக ஏற்றிக்கொள்வதை என்னவென்பது? பசித்தவன் திருடினான் என்றால் நம் நெஞ்சம் இரங்கும். இலையில் சோறு பரிமாறியிருக்க, அடுத்த வீட்டுச் சட்டியில் கைவிடுவதற்கு என்ன காரணம் சொல்வோம்? ஏழாம் கட்டளை, கண்ணால் காணும் பொருளுக்கு மட்டும் உரியதன்று. பிறருடைய உழைப்பு எந்த வடிவில் இருந்தாலும், அவர் இசைவின்றி எடுப்பது களவுதான்.

எனினும், கடிந்துகொள்வதோடு நின்றுவிட்டால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளமாட்டோம். விலையில்லாததை விட்டுவிட்டுக் களவை ஏன் தேர்ந்தார்கள்? அந்த விலையில்லாப் பொருளுக்கும் ஒரு விலை இருந்ததுதான் காரணம். அது பணமாகக் கேட்கப்படவில்லை, பொறுமையாகக் கேட்கப்பட்டது.

திறக்க முடியாத அன்பளிப்பு

இவ்வியக்கத்தின் தோற்றமே பழுதான ஓர் இயந்திரத்தில் தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அங்குப் பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன், முன்பிருந்த அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் அச்சிடக் கொடுத்தவருக்குச் செய்தி போகுமாறு அமைத்திருந்தார். புதியதிலும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த மற்றொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரை நேரில் கண்டு கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார்.

அன்பளிப்பாக வந்த பொருள். ஆனால் திறக்க முடியாத பொருள். அண்டை வீட்டாருக்கு உதவமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்களிக்கச் சொல்லும் ஏற்பாடு அறநெறிக்கு ஒத்ததா என்று ஸ்டால்மன் வினவினார். அவ்வினாவின் பயனாக 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை உலகோருக்குத் திறந்துவைத்தார். இரண்டும் இணைந்ததே இன்று லினக்ஸ் என வழங்குவது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்குக் குழப்பம் மிகுதி. தமிழில் அக்குழப்பம் இல்லை. நம் அறிஞர்கள் இதனை இலவச மென்பொருள் என்னாமல் 'கட்டற்ற மென்பொருள்' என்றே பெயரிட்டார்கள்.

ஸ்டால்மனுக்குக் கிடைத்தது திறக்க முடியாத அன்பளிப்பு. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது திறக்கக்கூடிய அன்பளிப்பு. அவர் திறக்க முடியவில்லையே என்று வருந்தினார். நாம் திறக்கவேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறோம். மனித சுதந்திரத்தைப் பற்றிய பழைய உண்மை ஒன்று இதில் தெரிகிறது. விடுதலையைப் பறிகொடுத்தவன் அதற்காக ஏங்குகிறான். கைவரப் பெற்றவனோ அதன் சுமையைக் கண்டு அஞ்சுகிறான். எகிப்தைவிட்டு வெளியேறியவர்கள் பாலைநிலத்தில் இறைச்சிச் சட்டிகளை எண்ணி அழுததும் இதனால்தான்.

பழுது சொல்லித்தரும் பாடம்

ராசிபுரத்தருகே ஒரு சிற்றூரில் கல்லூரி மாணவி ஒருத்தி, தன் பழைய கணினியில் முதன்முறையாக லினக்ஸை நிறுவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எதிர்கொள்ளக்கூடிய இடர்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, கம்பியில்லா இணைப்பு கிடைப்பதில்லை. அந்த இணைப்புக்குரிய சில்லை இயக்கும் மென்பொருள் கணினியில் இல்லை. அதனை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இணையம் வேண்டுமாயின் அந்த மென்பொருள் வேண்டும். தன்னிடம் இல்லாததைப் பெறுவதற்குத் தன்னிடம் இல்லாததே வேண்டியிருக்கிறது! தன் முயற்சியால் மட்டும் இம்முடிச்சு அவிழாது. அண்ணனுடைய கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைச் சற்றுநேரம் இரவல் பெற்றால் அவிழ்ந்துவிடும். தன்னிறைவு பெற்ற மனிதர் எவரும் இலர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் உரைக்கும்?

இரண்டாவது, கடிகாரம் பொய் சொல்கிறது. லினக்சில் பணியாற்றிவிட்டு, அதே கணினியிலுள்ள விண்டோசுக்குத் திரும்பினால், மாலை 6 மணிக்குத் திரை பகல் 12.30 என்று காட்டுகிறது. கணினி பழுதாகிவிட்டதென்றே அவள் அஞ்சுவாள். உண்மையில் எதுவும் பழுதாகவில்லை. கணினியின் தாய்ப்பலகையில், சிறு மின்கலத்தின் துணையால் ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. அது உள்ளூர் நேரத்தைக் குறிப்பதாக விண்டோஸ் கொள்கிறது. உலகப் பொது நேரத்தைக் குறிப்பதாக லினக்ஸ் கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த ஐந்தரை மணிதான் திரையில் காணும் வேறுபாடு. எது முறை என்று இருவருக்கும் பொதுவாக ஒன்றை முடிவு செய்துவிட்டால், ஒரே ஆணையில் சிக்கல் தீர்ந்தது. ஒரே வீட்டில் வாழும் இருவர், தத்தம் கணக்கில் சரியாயிருந்தும் ஒருவரையொருவர் பொய்யர் எனக் கருதும் அவலத்தை நம் குடும்பங்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! அங்கெல்லாம் குற்றவாளியைத் தேடுகிறோம். எந்த அளவுகோலால் ஒவ்வொருவரும் அளக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாவது, பழைய தமிழ்க் கோப்புகள் பொருளற்ற எழுத்துகளாகத் தெரிகின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டு முறையைப் பின்பற்றியது. பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினி படிக்க இயலாது. அதனை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் எந்த இயங்குதளத்திலும் படிக்கலாம். பங்குகளின் பழைய அறிக்கைகளும் விழா மலர்களும் பல இடங்களில் இந்நிலையிலேயே கிடக்கின்றன. அவை அழிந்துபோகவில்லை, படிப்பாரின்றி ஊமையாகி நிற்கின்றன.

இவ்விடர்கள் அனைத்திலும் பொதுவாயுள்ளது ஒன்று. பழுது என்பது இகழ்ச்சி அன்று. அது ஒரு செய்தி. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், முதலில் நோயையும், பின் அதன் காரணத்தையும், அதன்பின் தணிக்கும் வழியையும் ஆராய்ந்தே செயல்படச் சொல்கிறார். லினக்ஸ் பயில்வோருக்கும் இதுவே நெறி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் கவனி, பயனில்லையெனில் பழையபடி வை, பிறகு அடுத்ததைத் தொடு. சினத்தோடு ஐந்தாறு அமைப்புகளை ஒருசேர மாற்றியவருக்கு, நலம் ஏற்பட்டாலும் எதனால் ஏற்பட்டது என்று தெரியாது. கேடு ஏற்பட்டாலும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கணினியின் அடிப்படை அமைப்பை மாற்றும் அதிகாரத்தைப் பயனர் முதன்முறை கேட்கும்போது, பல லினக்ஸ் கணினிகளில் ஒரு சிறு அறிவுரை திரையில் தோன்றும். பிறருடைய அந்தரங்கத்தை மதிக்கவேண்டும், தட்டச்சு செய்வதற்குமுன் சிந்திக்கவேண்டும், மிகுந்த அதிகாரத்தோடு மிகுந்த பொறுப்பும் வருகிறது என்பன அதன் மூன்று கூறுகள். எவரோ சொன்ன ஆணையைப் புரிந்துகொள்ளாமல் அப்படியே பெயர்த்தெழுதி, தன் கோப்புகள் அனைத்தையும் ஒரு நொடியில் இழந்தோர் உண்டு. தன் வீட்டில் தானே தலைவன் என்பது பெருமைதான். ஆனால் தலைவனுக்கே வீட்டை இடித்துவிடும் ஆற்றலும் இருக்கிறது. அதனால்தான் நிறுவுவதற்குமுன் கோப்புகளைப் படியெடுத்துப் பாதுகாப்பதும், நிலையாக நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று அறிந்துகொள்வதும் முன்மதியுடையோர் செயலாகும்.

கேட்கத் தெரிதலும் சொல்லத் தெரிதலும்

புனித தாமஸ் அக்குவினாஸ், விவேகம் என்னும் நற்பண்பின் உறுப்புகளுள் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் பணிவைக் குறிப்பிடுகிறார். செயல்களின் களத்தில் சூழ்நிலைகள் எண்ணிலடங்காதவை. ஒருவர் அவற்றையெல்லாம் குறுகிய காலத்தில் தாமே ஆராய்ந்தறிய இயலாது. ஆகவே பட்டறிவுடையோரிடம் கேட்கவேண்டும் என்பது அவருடைய விளக்கம். கற்றறிந்தோரும் சில செய்திகளில் பிறரிடம் கேட்டறியவேண்டியவர்களே என்றும் அவர் சொல்லத் தவறவில்லை. அறிவு நாட்டத்தையும் அவர் ஒரு நற்பண்பாகவே வகுக்கிறார். வேண்டாததை அறியத் துடிக்கும் மனத்தை அது அடக்குகிறது. வேண்டியதை அறியச் சோம்பும் உடலை அது எழுப்புகிறது.

இப்பணிவை நம் மண் நன்கு அறியும். நாமக்கல் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் சிறுவனாய்ச் சேர்ந்தவர், பார்த்தும் கேட்டும் திட்டு வாங்கியும் தேர்ந்த மெக்கானிக்காகிறார். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், மொழி தெரியாத ஊரில் பழுதானால் கைகட்டி நிற்பதில்லை. ஒலியைக் கேட்டே கோளாறு இன்ன இடத்தில் என்பார்கள். இரும்பின்முன் அஞ்சாத இந்த மக்கள், ஒரு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பிழைச்செய்தி தோன்றியதும் தமக்கு இது வராது என்று விலகிவிடுகிறார்கள். ஆற்றல் குறைவு இதற்குக் காரணமன்று. இது படித்தவர்களுடைய பொருள், நமக்குரியதன்று என்று நீண்ட காலமாக அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதே காரணம்.

கேட்பவருக்குக் கடமை உண்டெனில், அறிந்தவருக்கும் கடமை உண்டு. "ஓடவில்லை" என்று மட்டும் சொல்வது கேள்வியாகாது. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, திரையில் வந்த செய்தி யாது என்று முறையாகச் சொல்வது கேட்பவரின் நேர்மை. கணினி தன் தடுமாற்றங்களைத் தன் குறிப்பேட்டில் பதிந்தே வைக்கிறது. அதனைப் படித்துவிட்டுக் கேட்பவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மறுபுறம், "இதுகூடத் தெரியாதா?" என்று எள்ளி நகையாடும் அறிவாளி, கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக ஒரு கட்டுப் போடுகிறார். நிரலைத் திறந்துவைத்து நெஞ்சத்தைப் பூட்டிவைப்பதால் யாருக்கு என்ன பயன்?

இக்கடமையை உணர்ந்து பணியாற்றுவோர் நம்மிடையே உண்டு. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் கூட்டங்கள் நடத்திப் புதியவர்களுக்கு வழிகாட்டியுள்ளனர். விழுப்புரத்தில் இத்தகைய குழு ஒன்று ஊரகப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ், ஆங்கிலம் அறியாத் தமிழரும் லினக்ஸ் பயிலுமாறு தமிழிலேயே எழுதியது. கூலி கருதாது கற்பிக்கும் இவர்கள், தாம் கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே தருகிறார்கள்.

ஏழைக்கு நேரம் ஏது?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழுகிறது. "பணம் படைத்தவர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு தம் வேலையைப் பார்க்கிறார். ஏழை மட்டும் இரவெல்லாம் விழித்திருந்து பழுது பார்க்கவேண்டுமா? பகலெல்லாம் தறி ஓட்டிவிட்டு வரும் இளைஞனுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. அவனுக்கு அதற்கு நேரம் எங்கே?"

இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவர் சுமக்கும் சுமையை விரலாலும் தொடாமல் அதன் மேன்மையைப் புகழ்ந்துரைப்பது பரிசேயத்தனம். கொடுத்தவர்களும் இங்கே தம்மைச் சோதித்தறியவேண்டும். அண்டையிலுள்ள கேரளத்தில், 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், காலப்போக்கில் முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். பாடநூல்கள் அதற்கேற்ப எழுதப்பட்டன. பள்ளிக்கூடத்திலேயே பழுது நீக்கத் தெரிந்தவர்கள் உருவானார்கள். இங்கே கணினி பிள்ளைகளின் கைக்கு வந்தது. அவர்களோடு அமர்ந்து கற்றுத்தர ஆள் வரவில்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு லினக்சும் இடம்பெற்றது, 2018இல் வெளிவந்த புதிய பாடத்திட்டத்தில்தான். பொருளை மட்டும் கொடுத்துத் துணையைக் கொடாத கொடை, பாதிக் கொடையே. பிள்ளைகள் கடைக்குப் போனதில் அவர்களுடைய பொறுமையின்மை ஒரு பாதி. அவர்களைத் தனியே விட்ட நம்முடைய பொறுப்பின்மை மறுபாதி.

கொள்கையைப் பேணுவோரும் எளியவரை மறந்துவிடலாகாது. டெபியன் தன்னார்வலர்கள், மூலம் திறக்கப்படாத எந்த மென்பொருளையும் தம் நிறுவல் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் உறுதியாயிருந்தனர். அதனால் பல கணினிகளில் கம்பியில்லா இணைப்பு முதல் நாளிலேயே இயங்காமற்போனது. புதியவர்கள் வாசலிலேயே திரும்பிச் சென்றனர். 2022இல் அவர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து, சில்லுகளுக்குத் தேவையான அத்தகைய மென்பொருளை மட்டும் சேர்க்க இசைந்தனர். 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு அவ்வாறே வெளிவந்தது. கொள்கை தளர்ந்ததென்று வருந்தியோரும் உண்டு. ஆயினும் ஓய்வுநாள் மனிதருக்காகவே உண்டானது என்பதை அறிந்த நமக்கு, அம்முடிவின் பொருள் விளங்காமற்போகாது.

அப்படியானால் எல்லாரும் கணினி மெக்கானிக் ஆகவேண்டுமா? வேண்டியதில்லை. கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் விவசாயி தானே காயில் கட்டுவதில்லை. ஆனால் எந்தக் கடையில் கட்டுவது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. மோட்டாரைத் திறக்கவே கூடாது, விற்றவரைத் தவிர எவரும் தொடக்கூடாது என்று ஒரு விதி வந்தால் அவர் ஒப்புக்கொள்வாரா? தானே பழுது நீக்குவது எல்லாருக்கும் இயலாது. பழுது நீக்கும் உரிமை எல்லாருக்கும் வேண்டும். இயன்றவர் கற்கவேண்டும், கற்றவர் இயலாதவருக்குத் துணைநிற்கவேண்டும்.

இக்கேள்வி இன்று புதிய வடிவில் நம்முன் நிற்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிவடைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவும் அடுத்த பதிப்புக்குரிய தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன. அவற்றைக் குப்பையில் எறியலாம். குறுக்கு வழியில் எதையேனும் ஏற்றலாம். அல்லது லினக்ஸை நிறுவி, வரும் இடர்களை ஒவ்வொன்றாய் அறிந்து தீர்த்து, இன்னும் சில ஆண்டுகள் அவற்றுக்கு உயிர் கொடுக்கலாம். மூன்றாவது வழியில் ஒரு வாரம் தொல்லை உண்டு. அந்த ஒரு வாரத்தில், தேர்ந்த ஒருவர் அருகில் அமர்ந்தால் தொல்லை பாதியாகும்.

நம் பங்குகளில் கணினி கற்ற இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பள்ளி மாணவர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், தட்டச்சுப் பணியால் பிழைப்போரும் இருக்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம், பங்கு மண்டபத்தில் ஒரு மேசையும் மின் இணைப்பும் போதும். பழைய கணினியோடு வருபவரின் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டு நாமே சரிசெய்து கொடுப்பது எளிது. ஆனால் அப்போது அவர் அடுத்த பழுதுக்கும் நம்மையே தேடி வருவார். அவர் கை விசைப்பலகையில் இருக்கட்டும். நம் சொல் அருகில் இருக்கட்டும். நேரம் சற்றுக் கூடுதலாகும்தான். விலையில்லாப் பொருளின் விலை அதுவே. அதனை ஏழையின் தலையில் மட்டும் சுமத்தாமல், நாமும் சேர்ந்து கொடுப்போமாக.